அரை மணி நேரத்தைத் திருத்திய கதை

தீபகற்ப மலேசியாவில் 1981 டிசம்பர் 31 இரவு மணி 11.30 ஆனதும் கடிகாரங்கள் நேராகப் 12க்குத் தாவின. சபா, சரவாக் இருந்த நேரத்துக்கே தீபகற்பமும் வர வேண்டும் என்று அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. அதுவரை கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்த நாம், 1982 பிறந்தபோது எட்டு மணி நேரம் முன்னால் போயிருந்தோம். அன்றிரவு 11.45க்கு இங்கே ஒரு பிள்ளைகூடப் பிறக்கவில்லை. அப்படி ஒரு நேரமே இல்லை.

இந்த அரை மணியை எங்கள் நாள்காட்டிச் செயலி மறந்துவிட்டிருந்தது. அதைத் திருத்திய நிரல் சில வரிகள்தான். அந்தச் சில வரிகள் பயனர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்த விதத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கட்டற்ற மென்பொருள் என்றாலே நிரல் எழுதுவது என்று நினைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். எழுதி முடித்த பிறகு நடப்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

முதலில் செயலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திதி, நட்சத்திரம், ராகு காலம், சூரிய உதயம், அப்புறம் பிறந்த தேதியும் நேரமும் ஊரும் கொடுத்தால் ஜாதகக் கட்டம். அவ்வளவுதான். நிரல் எழுதுபவர்கள் சென்னை, டொராண்டோ, சிங்கப்பூர், ஜெர்மனி என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. நான் இருப்பது சுங்கை சிப்புட்டில். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில், துன் சம்பந்தன் பிறந்த ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் கித்தா மரம் (ரப்பர்), இப்போது பெரும்பாலும் செம்பனை. பகலில் ஈப்போவில் வேலை, ராத்திரியில் இந்தச் செயலிக்கு வெளியீட்டு ஒருங்கிணைப்பு. யார் எதைச் சரிசெய்கிறார்கள், அது எந்த வெளியீட்டில் போகிறது, எது இப்போது போகக்கூடாது என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. பாதி நேரம் 'இந்தத் தடவை இல்லை' என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அதனால் குழுவில் எனக்கு நல்ல பெயர் இல்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும். விடியுமுன் ஆட்கள் களத்தில் கூடுவார்கள், பேர் கூப்பிடுவார்கள், இன்றைக்கு யாருக்கு எந்த நிரை என்று பிரித்து விடுவார்கள். வாரம் ஒரு முறை நாங்கள் பிழைப் பதிவுகளை வைத்துக்கொண்டு செய்வதும் ஏறக்குறைய அதுவேதான். வந்திருப்பதில் எது நிஜமான பக், எது ஏற்கனவே வந்தது, எது அவசரம், யார் கையில் கொடுப்பது என்று பிரிக்க வேண்டும். இதில் பெரிய தலைவலி, பக்கே இல்லாத பக். தமிழ்நாட்டில் அச்சான காலண்டரில் திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை என்று இருக்கும். அது காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. இங்கே உதயம் ஏழு மணியை ஒட்டித்தான். 7.10க்கு உதயம் என்றால் திங்கட்கிழமை ராகு காலம் 8.40க்குத் தொடங்கும். செயலி அப்படித்தான் காட்டும். உடனே 'ஆப் தப்பு' என்று ஒரு பதிவு வந்து விழும். வாக்கியப் பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் திருக்கணிதத்தைப் பார்த்துவிட்டு எழுதும் பதிவுகள் தனி ரகம். இவற்றுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதி மூட வேண்டும். நிஜமான பக் இந்தக் குவியலுக்குள்தான் எங்கேயோ கிடக்கும்.

அரை மணிப் பிழையும் அப்படித்தான் கிடந்தது. ஒருவர் லக்னம் தப்பாக வருகிறது என்றார். இன்னொருவர், அம்மாவின் தசை இருப்பு தாத்தா எழுதிவைத்த நோட்டோடு ஒத்துவரவில்லை என்றார். மூன்றாவது ஆள்தான் உருப்படியான தகவல் கொடுத்தார். பழைய போனில் ஒரு கட்டம், புது போனில் வேறு கட்டம் என்று இரண்டையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பழைய போனில் செயலி புதுப்பிக்கப்படாமல் இருந்தது. அப்படியானால் முன்பு சரியாக இருந்த ஒன்றை நடுவில் யாரோ மாற்றியிருக்க வேண்டும். மூன்று பேரும் எழுதியது ஒரே பிழையைப் பற்றித்தான் என்பது பிறந்த வருடங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எல்லாரும் 1982க்கு முந்தியவர்கள், எல்லாரும் தீபகற்பத்தில் பிறந்தவர்கள்.

ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதில் நம்பிக்கை உண்டு. அரை மணி என்பது இந்தக் கணக்கில் சின்ன விஷயம் இல்லை. ஒரு லக்னம் சுமார் இரண்டு மணி நேரம் நிற்கும். ஆக, அரை மணி தள்ளினால் நாலு பேரில் ஒருவருக்கு லக்னமே மாறிவிடும். தசை இருப்பும் நகரும். ஒரு நட்சத்திரத்தைக் கடக்கச் சந்திரனுக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. அரை மணி அதில் 48இல் ஒரு பங்கு. சுக்கிர தசை 20 வருடம் என்பதால், அதில் 48இல் ஒரு பங்கு 5 மாதம். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிற வீட்டில் 5 மாதத்தை வைத்து எவ்வளவு பேச்சு நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமித்துவைக்கும் கருவி கிட். எந்த மாற்றத்தில் கெட்டது என்று கண்டுபிடிக்க அதில் பைசெக்ட் என்று ஒரு வசதி இருக்கிறது. சரியாக இருந்த பழைய பதிப்பு ஒன்று, கெட்டுப்போன புதிய பதிப்பு ஒன்று இரண்டையும் காட்டிவிட்டால், நடுவில் உள்ளதை எடுத்துக் கொடுக்கும். நாம் அதைச் செயலியாகக் கட்டி ஓட்டிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். மறுபடி பாதி, அதில் பாதி. ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்துத் தடவைக்குள் பிடிபட்டுவிடும். நான் இதைச் செய்த சாயங்காலம் இங்கே வழக்கமான இடியும் மழையும். இடி இறங்கினால் முதல் வேலையாக மோடத்தைக் கழற்றிவிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். ஆனால் கிட்டில் மொத்த வரலாறும் நம் கணினியிலேயே இருப்பதால் இணையம் இல்லாமலேயே வேலை ஓடியது. ஒவ்வொரு பதிப்பிலும் 1975ஆம் வருடத்துத் தேதி ஒன்றை, காலை 6 மணி, சுங்கை சிப்புட் என்று கொடுத்து லக்னத்தின் பாகையைக் குறித்துக்கொண்டே போனேன். மழை விடுவதற்குள் சிக்கிவிட்டது. பழைய போன்களில் செயலி மெதுவாகத் திறக்கிறது என்பதற்காக ஒருவர் ஊர்ப் பட்டியலைச் சுருக்கியிருந்தார். அதற்கு முன் ஒவ்வொரு ஊருக்கும் அதன் நேர வலயத்தின் பெயர் இருந்தது. அதை எடுத்துவிட்டு ஒரே ஒரு எண்ணைப் போட்டிருந்தார். சுங்கை சிப்புட் வரியில் அட்சரேகை, தீர்க்கரேகை, அடுத்து 8. எல்லாக் காலத்துக்கும் 8. செய்தவர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார். செயலியும் வேகமாகத்தான் திறந்தது.

எழுதிப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்தபோது டொராண்டோ நண்பர் திருத்தத்தை அனுப்பியிருந்தார். எட்டை எடுத்துவிட்டு மறுபடி வலயப் பெயர், கூடவே நாலைந்து சோதனைகள். படித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. 'இன்றைக்கே வெளியிட்டுவிடலாமே' என்றார். எனக்கும் ஆசைதான்.

ஆனால் ஒரு வெளியீடு வரப்போகிறது என்று தெரிந்தால் போதும், எல்லாரும் ஓடி வருவார்கள். ஜெர்மனியில் இருப்பவர் எழுத்துரு அளவை மாற்றும் வேலையை மாதக்கணக்கில் வைத்திருந்தார், அதையும் சேர் என்றார். சிங்கப்பூரிலிருந்து முகப்பில் ஒரு புது விட்ஜெட். இதற்கு நடுவில், குறிப்பிட்ட சில போன்களில் செயலி திறந்ததுமே மூடிக்கொள்கிறது என்று வேறொரு புகார். அது நிஜமாகவே அவசரம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இதற்கு ஒரு கறாரான பழக்கம் வைத்திருக்கிறார்கள். புதிய வசதிகளைச் சேர்த்துக்கொள்ள இரண்டு வாரம்தான் கதவு திறந்திருக்கும். மூடிய பிறகு வாரம் ஒரு சோதனைப் பதிப்பு, பெரும்பாலும் ஏழு, சில சமயம் எட்டு. அந்தக் காலத்தில் திருத்தங்கள் மட்டும்தான். தவறவிட்டவர்கள் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும், அது இன்னும் ஒன்பது பத்து வாரத்தில் வந்துவிடும். உலகமெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதுகிற ஒன்று இப்படித்தான் மூச்சுத் திணறாமல் ஓடுகிறது. நாங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். எங்களுக்கு இரண்டு வாரக் கதவெல்லாம் தேவையில்லை. ஆனால் 'கதவு மூடியாச்சு' என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் கேட்டுக்கொள்கிற பழக்கம் தேவை. அது எளிதில் வந்துவிடவில்லை.

கெர்னலிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட இன்னொரு விதியும் உண்டு. ஒரு திருத்தம் முதலில் முதன்மைக் கிளைக்கு, அதாவது அடுத்த பெரிய வெளியீடு உருவாகும் நிரலுக்குப் போக வேண்டும், அப்புறம்தான் பயனர் கையில் ஏற்கனவே இருக்கும் பதிப்பின் பழைய நிலையான கிளைக்கு. நேராகப் பழைய கிளையில் போட்டுவிட்டு முதன்மையில் போட மறந்தால், அடுத்த பெரிய வெளியீட்டில் அதே பக் திரும்பி வந்து நிற்கும். திறந்ததும் மூடிக்கொள்ளும் பிழையை அப்படித்தான் முதன்மையில் சரிசெய்து, அந்த ஒன்றை மட்டும் 3.4 கிளைக்கு எடுத்துப்போய், 3.4.1 என்று உடனே வெளியிட்டோம். எழுத்துரு, விட்ஜெட் எதுவும் அதில் இல்லை. ஜெர்மனி நண்பர் கொஞ்ச நாள் பேசவில்லை. சரி, பரவாயில்லை.

அரை மணியையும் 3.4.1லேயே சேர்த்திருக்கலாம். சின்னத் திருத்தம், தெளிவான பிழை, சோதனையும் இருக்கிறது. சேர்ப்பதாகத்தான் இருந்தேன். அதற்கு முன் இங்கேயே ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துவிடலாம் என்று போனதுதான் எல்லாவற்றையும் மாற்றியது.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பெரியவர் இருக்கிறார். பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் கிராணி ஐயாதான். ஜாதகம் பார்ப்பார். எங்கள் செயலியை எங்களைவிட அதிகமாகப் பயன்படுத்துபவர் அவர்தான் என்று நினைக்கிறேன். முன்கூடத்து மேசையில் போன், பக்கத்தில் தடித்த அட்டை நோட்டு, செக்ரோல் (ஆட்களின் வருகைப் பதிவேடு) எழுதிப் பழகிய கை என்று பார்த்ததும் தெரிகிற மாதிரி கோடு போட்ட பத்திகள். பேர், தோட்டம், தேதி, நேரம், லக்னம். பழைய ஆட்கள் பேருக்கு நேராகச் சிவப்புப் பென்சிலில் ஒரு கூட்டல் குறியும் 30உம் இருந்தன.

"இது என்னாங்கய்யா, செவப்புல?"

"அதுவா? ஒங்க ஆப்பு அரை மணி ஒதைக்குதும்மா. எண்பத்தி ரெண்டுக்கு முன்னாடி பொறந்தவங்களுக்கு நான் அரை மணி கூட்டித்தான் போடுவேன். கரெக்டா வந்துரும்."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்னா செய்வீங்க? மாத்திடுவீங்க. அப்புறம் நான் இத்தன வருசமா போட்டு வச்சிருக்கிறதெல்லாம் என்னா ஆவுறது?"

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். சேமித்துவைத்த ஜாதகங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. காலை 6 மணிக்குப் பிறந்தவருக்கு 6.30 என்று போட்டிருக்கிறார். எங்கள் செயலி அதை எட்டு மணி வித்தியாசத்தில் கணக்கிட்டு, சரியான இடத்துக்கே போய்ச் சேர்கிறது. பிழையும் அவர் கூட்டியதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கட்டம் சரியாக நிற்கிறது. நாங்கள் திருத்தத்தை வெளியிட்டால் 6.30 என்பது நிஜமாகவே பழைய நேரத்து 6.30 ஆகிவிடும். அத்தனை கட்டங்களும் ஒரே ராத்திரியில் அரை மணி தப்பாகும். அவர் ஒருவர்தான் இப்படிச் செய்கிறார் என்று எப்படிச் சொல்வது? கூட்டாமல் அப்படியே போட்டவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குத் திருத்தம் நல்லது செய்யும். எது கூட்டியது, எது கூட்டாதது என்று செயலியால் கண்டுபிடிக்கவே முடியாது.

மென்பொருள்காரர்கள் மத்தியில் ஹைரம் விதி என்று ஒன்று பேசப்படும். கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட் என்பவரின் பெயரால் வந்தது. பயனர்கள் போதுமான அளவுக்குச் சேர்ந்துவிட்டால், நாம் வாக்குக் கொடுத்தோமா இல்லையா என்பதெல்லாம் கணக்கில்லை, நம் மென்பொருள் எப்படியெல்லாம் நடந்துகொள்கிறதோ அத்தனையையும் யாராவது ஒருவர் நம்பி இருப்பார் என்பது அதன் சாரம். பிழையும் அதில் சேர்த்தி. இதைப் பலமுறை படித்திருக்கிறேன். சிவப்புப் பென்சிலில் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆக, இது 3.4.1க்கு உரிய விஷயம் இல்லை என்று குழுவில் சொன்னேன். அங்கே தொடங்கியது விவாதம். பதிப்பு எண்களுக்கு நாங்கள் பின்பற்றும் முறையில் மூன்றாவது எண் மாறினால் பிழைத்திருத்தம் மட்டும், இரண்டாவது மாறினால் பழையதைக் கெடுக்காத புது வசதி, முதல் எண் மாறினால் பழைய பழக்கம் உடையலாம், கவனமாக இரு என்று பொருள். சில வரித் திருத்தத்துக்கு 4.0 என்று போடுவதா என்று சென்னை நண்பர் சிரித்தார். வரிகளை எண்ணிப் பதிப்பு எண் போடுவதில்லை, பயனருக்கு என்ன மாறுகிறது என்று பார்த்துப் போடுவது என்றேன். அப்படியானால் அமைப்புகளில் ஒரு பொத்தான் வைத்துவிடலாம், பழைய கணக்கா புதிய கணக்கா என்று அவர்களே தேர்ந்துகொள்ளட்டும் என்றார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நாம் யோசித்து எடுக்க வேண்டிய முடிவைப் பயனர் தலையில் கட்டுவதற்குத்தான் பாதி அமைப்புப் பொத்தான்கள் இருக்கின்றன. ஒரே பொத்தானில் எல்லாக் கட்டங்களும் மாறும் என்பதால், கொஞ்சம் கூட்டியும் கொஞ்சம் கூட்டாமலும் போட்டுவைத்தவருக்கு அது எந்தப் பக்கம் இருந்தாலும் தப்புதான்.

கடைசியில் டொராண்டோ நண்பர் சொன்ன வழி நின்றது. ஒவ்வொரு ஜாதகமும் எந்த நேர வித்தியாசத்தில் கணக்கிடப்பட்டது என்பதை அந்த ஜாதகத்தோடேயே சேர்த்து எழுதிவைப்பது. ஏற்கனவே சேமித்தவை எட்டு மணிக் கணக்கிலேயே நிற்கும், ஒரு கட்டமும் நகராது. 1982க்கு முந்தியவை மீது மட்டும் ஒரு மஞ்சள் குறி இருக்கும். தொட்டால் இரண்டு கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். எது சரி என்று அந்தந்த ஜாதகத்துக்குப் பயனர் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். புதிதாகப் போடுபவை மட்டும் சரியான கணக்கில். வேலை அதிகம், சேமிப்பு முறையே மாறுகிறது. ஆனால் யாருடைய நோட்டும் பொய்யாகாது.

இதற்கிடையே அவசரம் என்ற வார்த்தையைப் பற்றி எங்களுக்குள் நிறையப் பேச்சு நடந்தது. தப்பான கணக்கு என்று தெரிந்தும் வைத்திருப்பது நியாயமா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் 2021 டிசம்பரை நினைவூட்டினேன். ஏராளமான மென்பொருள்களுக்குள் இருக்கும் லாக்4ஜே என்ற நிரல் தொகுப்பின் பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்து உலகமே பதறியபோது முதலில் 2.15.0 வந்தது. அதில் ஓட்டை முழுதாக அடைபடவில்லை என்று 2.16.0. அதில் வேறொரு சிக்கல், 2.17.0. அப்புறம் 2.17.1. எல்லாம் ஒரே மாதத்துக்குள். அவர்களைக் குறை சொல்லவில்லை. தன்னார்வலர்கள் தூக்கம் கெட்டு வேலை செய்தார்கள், தாக்குதல் நடந்துகொண்டிருந்ததால் காத்திருக்கவும் முடியாது. எங்களுக்கு அந்த நெருப்பு இல்லையே. பல வருடமாக இருக்கிற அரை மணி இன்னும் இரண்டு மாதம் இருந்தால் குடி முழுகிவிடாது. குழுவில் அறிவிப்பு மட்டும் உடனே போட்டோம்.

வலயப் பெயருக்குத் திரும்புவதென்றால் நேர வலயத் தரவுத்தளத்தை நம்புவது என்று அர்த்தம். நம் போன், கணினி எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது அதுதான். ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது, பால் எகர்ட் இப்போது ஒருங்கிணைப்பது. எந்த நாடு எந்தத் தேதியில் கடிகாரத்தைத் திருப்பியது என்று வரி வரியாக வைத்திருக்கிறார்கள். வெளியீட்டு வேலை செய்பவர்களுக்கு இவர்களைவிடக் கஷ்டமான பிழைப்பு யாருக்கும் கிடையாது என்பது என் எண்ணம். அரசாங்கங்கள் இவர்களைக் கேட்டுக்கொண்டா முடிவெடுக்கின்றன? 2023 மார்ச்சில் லெபனான் பிரதமர், கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை முன்னே தள்ளுவதை ஏப்ரலுக்கு ஒத்திப்போடுகிறோம் என்று இரண்டு நாளைக்கு முன்னால் அறிவித்தார். உடனே 2023பி என்ற வெளியீடு வந்தது. நாட்டில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரே ஊரில் இரண்டு நேரம் ஓடியது. சில நாளில் அரசாங்கம் பின்வாங்கியது. 2023சி வந்தது, லெபனானை 2023ஏயில் இருந்தபடியே திருப்பிப் போட்டு. நடுவில் 2023பியை எடுத்துக்கொண்டவர்கள் பாவம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எங்கள் செயலிக்குச் சம்பந்தம் உண்டு. 2011இல் ஓல்சன், எகர்ட் இருவர்மீதும் அமெரிக்காவில் வழக்குப் போட்டது அஸ்ட்ரோலேப் என்ற ஜோதிட மென்பொருள் நிறுவனம். பழைய நேரத் தகவல்கள் தன்னுடைய அட்லஸிலிருந்து எடுக்கப்பட்டவை என்று சொன்னது. அடுத்த வருடம் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2011 அக்டோபரில், தரவுத்தளம் இணையப் பெயர்களையும் எண்களையும் கவனிக்கும் ஐயானா என்ற அமைப்பின் பொறுப்புக்குப் போனது. பிறந்த நேரத்தைச் சரியாகக் கணக்கிடுவதில் ஜோதிடர்களுக்குத்தான் முதல் அக்கறை என்பது அங்கேயும் அப்படித்தான் போலும்.

வலயப் பெயர் வந்ததும் மலேசியாவோடு இலங்கையும் சரியானது. இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. மின்சாரத் தட்டுப்பாட்டினால் இலங்கை 1996 மே மாதம் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குப் போனது, அக்டோபரில் ஆறுக்கு வந்தது, 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடத்தில் பிறந்த பிள்ளைகளின் கட்டமும் எங்கள் செயலியில் தப்பாகத்தான் இருந்திருக்கிறது. டொராண்டோ நண்பர் இதைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் சொந்த ஊர் கிளிநொச்சிப் பக்கம். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் கொழும்பு நேரத்தை ஏற்கவில்லை, பழைய ஐந்தரையே ஓடியது. அதற்குத் தரவுத்தளத்தில் தனி வலயம் இல்லை. 'இதையும் 4.0இல் சேர்த்துவிட வேண்டும்' என்றார். எந்த ஊர் எந்த வருடத்தில் யார் கையில் இருந்தது என்று நாங்களே ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும், அதற்கு யார் ஆதாரம், எல்லைக்கோட்டில் இருந்த ஊர்களுக்கு என்ன செய்வது. இந்தத் தடவை இல்லை என்று சொன்னேன். இதைச் சொன்னபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. மூன்று வருடமாகப் பிழை திருத்திக் கொடுக்கிறவர், தன் ஊருக்காகக் கேட்டது இது ஒன்றுதான்.

சோதனைப் பதிப்பு தயாரானதும் செயலியில் புதிய வாக்கியங்கள் சேர்ப்பதை நிறுத்தினோம். மலாய், ஆங்கில மொழிபெயர்ப்புச் செய்பவர்களுக்கு அவகாசம் வேண்டும். பிறகு ஒரு விசித்திரமான சண்டை. 1981 டிசம்பர் 31, இரவு 11.45 என்று யாராவது கொடுத்தால் செயலி என்ன செய்ய வேண்டும்? அப்படி ஒரு நேரமே இல்லை என்று மறுக்க வேண்டும் என்பது ஜெர்மனியின் கட்சி. மருத்துவச்சி கடிகாரத்தைத் திருப்ப மறந்திருப்பார், பழைய நேரமாகவே எடுத்துக்கொள்வோம் என்பது சென்னையின் கட்சி. நான் சென்னைப் பக்கம். அன்றிரவு எந்த லயத்து வீட்டில் சரியாகப் பதினொன்றரைக்குக் கடிகாரத்தைத் திருப்பியிருப்பார்கள்? விடிந்து பெரட்டுக்கு மணி அடித்தபோதுதான் பலருக்குத் தெரிந்திருக்கும். பழைய நேரமாக எடுத்துக்கொண்டு, கீழே ஒரு வரிக் குறிப்புப் போடுவது என்று முடிவானது.

வெளியீட்டுத் தேதியும் யோசிக்க வேண்டிய விஷயம்தான். தைப்பூசத்துக்கு முன்னால் எங்கள் செயலியைத் திறப்பவர்கள் அதிகம். அந்த வாரத்தில் எதையும் வெளியிட மாட்டோம், எழுதப்படாத சட்டம். ஈப்போ கல்லுமலைக்கு நடந்து போகிறவர்கள் கையில் செயலி நின்றுபோனால் என்னைத்தான் வழியில் பிடிப்பார்கள். பூசம் முடியட்டும் என்று காத்திருந்தோம்.

வெளியீட்டன்று இரண்டு பேர் தனித்தனியாக மூலநிரலிலிருந்து கட்டி, இரண்டும் ஒன்றாக வருகின்றனவா என்று ஒப்பிட்ட பிறகுதான் கையொப்பம் இடுவோம். 2024க்குப் பிறகு வந்த பழக்கம் இது. எக்ஸ்ஸெட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் ரகசியக் கதவு வைக்கப்பட்டிருந்ததை அந்த ஆண்டு மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்தார். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைவது அரை வினாடி தாமதமாகிறதே என்று தோண்டியவர். கிட் களஞ்சியத்தில் இல்லாத ஒரு துண்டு, வெளியிட்ட பொதியில் மட்டும் இருந்தது. களைத்துப்போயிருந்த ஒரே ஒரு பராமரிப்பாளரிடம் நைச்சியமாக ஒட்டிக்கொண்டு உள்ளே வந்த வேலை அது. எங்கள் நாள்காட்டியை யார் குறிவைக்கப் போகிறார்கள் என்று சிரிக்கலாம். பிறந்த தேதியும் நேரமும் ஊரும் அம்மா அப்பா பேரும் எவ்வளவு பேருடையது இதில் கிடக்கிறது என்று யோசித்தால் சிரிப்பு வராது.

அப்புறம் 'இதுதான் 4.0' என்று நிரலில் டேக் (அடையாளம்) போட்டாயிற்று. கட்டற்ற செயலிகளுக்கான எஃப்-டிராய்டு தளத்தில் அவர்களே மூலநிரலிலிருந்து கட்டுவதால் சில நாள் தள்ளித்தான் வரும். பிளே ஸ்டோரில் முதலில் கொஞ்சம் பேருக்கு, பிறகு மற்றவர்களுக்கு என்று விடலாம். வெளியே போனதைத் திரும்ப வாங்க முடியாது. ஆண்ட்ராய்டில் புதிய பதிப்பின் மேல் பழையதை ஏற்ற விடமாட்டார்கள். தப்பு நேர்ந்தால் இன்னும் பெரிய எண்ணில் இன்னொன்றை வெளியிடுவதுதான் வழி.

வெளியீட்டுக் குறிப்பை யாரும் படிப்பதில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். எங்கள் பயனர்கள் நிச்சயம் படிப்பதில்லை. அதனால் அதை நான் பேசிப் பதிவுசெய்து, வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பினேன். 'எண்பத்திரண்டுக்கு முன்னால் பிறந்தவர்களுக்கு இனிமேல் அரை மணி கூட்டவே வேண்டாம், ஏற்கனவே போட்டதைத் தொட வேண்டாம்.' சுங்கை சிப்புட்டிலிருந்து அது எங்கெங்கோ போயிருக்கிறது. கெடாவிலிருந்து ஒருவர் அதையே எனக்குத் திருப்பி அனுப்பி, இது உண்மையா என்று கேட்டார். கிராணி ஐயா மஞ்சள் குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். கூட்டாமல் விட்டுப்போன சில ஜாதகங்கள் அவர் நோட்டிலேயே சிக்கின. இப்போது எங்களுக்குப் பிழைப் பதிவு அனுப்புகிறார், போன் போட்டுச் சொல்வதில்லை. கோடு போட்ட தாளில் பேர், தோட்டம், தேதி, நேரம், 'ஆப் காட்டுவது', 'வர வேண்டியது' என்று பத்தி பிரித்து எழுதிப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார். படித்த இளைஞர்கள் அனுப்பும் பதிவுகள் இந்தத் தரத்தில் இருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

அவர் அனுப்பியதில் ஒன்று இன்னும் திறந்திருக்கிறது. 1943இல் பிறந்த ஒரு பாட்டி. ஜப்பான்காரன் காலத்தில் இங்கே தோக்கியோ நேரம்தான் சட்டம், கிரீன்விச்சுக்கு ஒன்பது மணி நேரம் முன்னால். தரவுத்தளமும் அப்படியே சொல்கிறது, 4.0 அப்படியே கணக்கிடுகிறது. கிராணி ஐயா இதை ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் யாரும் பிள்ளை பிறந்த நேரத்தை ஜப்பான் கடிகாரத்தில் எழுதவில்லை, பழைய ஏழரையில்தான் எழுதினார்கள் என்று அவருடைய அப்பா சொல்லக் கேட்டிருக்கிறாராம். டொராண்டோ நண்பர் கிளிநொச்சிப் பதிவை இதோடு இணைத்துவிட்டு, நேர வித்தியாசத்தைப் பயனரே கையால் போட ஒரு பெட்டி வைத்தால் இரண்டும் தீரும் என்று எழுதியிருக்கிறார். சென்னை நண்பர், பொத்தான் வேண்டாம் என்று சொன்னவர்தானே நீங்கள் என்று என்னைக் கேட்கிறார். 4.1க்குக் கதவு வெள்ளிக்கிழமை மூடுகிறது. பெட்டிக்கான நிரல் இன்னும் வரவில்லை.